தண்டபாணியின் கடைசிப் பல்

தண்டபாணி இருமினார்.

ஒரே ஓர் இருமல்தான். அதற்குள் கீழே சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த ஹபீப் கத்தியைப் போட்டுவிட்டு மாடியேறி வந்து கதவோரம் நின்றுவிட்டார். 'ஒன்றுமில்லை, போங்கள்' என்று பெனிட்டா கையைக் காட்டிய பிறகுதான் அவருக்கு மூச்சு சீரானது. போகிற போக்கில் சட்டைப் பையிலிருந்து ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

"பாத்தியா? நான் இருமுனா பங்களாதேஷ்ல இழவு விழுது" என்றார் தண்டபாணி. தொண்ணூற்றொரு வயது. உடம்பில் வாயைத் தவிர மற்றதெல்லாம் ஓய்ந்துவிட்டது. "இந்த ஹோம்லயே ரொம்ப மரியாதையான நோயாளி நான்தான் லா."

"சரி ஐயா. வாயத் திறங்க, கஞ்சி."

"ஊர்க்காரி கஞ்சி எனக்கு வேணாம். எங்க நாட்டுல கஞ்சின்னா கோழி போட்ட கஞ்சி. வெறும் சோத்துத் தண்ணியக் குடிச்சு வளந்தவங்க நீங்கதான்."

கெலாரித் தீவில் பிறந்த தமிழர்கள், தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்களை 'ஊர்க்காரங்க' என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லில் கொஞ்சம் இரக்கமும் நிறைய இளக்காரமும் இருக்கும். வேம்பாரிலிருந்து நர்ஸ் வேலைக்கு வந்த பெனிட்டாவுக்கு எட்டு வருஷத்தில் அது பழகிப்போயிருந்தது.

"கஞ்சி கெடக்கட்டும்" என்று தண்டபாணி குரலைத் தாழ்த்தினார். "பல்லு விஷயம் டாக்டர்கிட்ட சொன்னியா?"

"சொல்லிட்டேன்."

"என்னா சொன்னாரு?"

"பாக்கலாம்னு சொன்னார்."

பொய். அவள் சொல்லவே இல்லை. தண்டபாணியின் வாயில் மிச்சமிருந்தது கீழ்வரிசைக் கடவாய்ப்பல் ஒன்றே ஒன்று. இரண்டு வாரமாக அதைப் பிடுங்கிவிடு, பிடுங்கிவிடு என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். பல் வைரம்போல உறுதியாக இருந்தது. ஈறு வீங்கவில்லை. ரத்தம் உறையாமலிருக்க அவர் தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர். பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்காமல் போனால்? அந்த வயதில், அந்த இதயத்தில், ஒரு கிண்ணம் ரத்தம் போனாலே ஆள் போய்விடுவார்.

அவர் போகக் கூடாது. பெனிட்டாவின் புருஷன் ரீகன் அந்த நாட்டில் இருப்பது தண்டபாணி மூச்சு விடுவதால்தான்.

ரீகன் வந்து இறங்கிய அன்று, துறைமுகத்திலிருந்து பஸ்ஸில் வரும்போதுதான் அவனுக்கு இது முழுசாகப் புரிந்தது. மடியில் பிறந்து ஒரு மாதமான ஸ்டெல்லாவைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"ஒப்பந்தம் பத்தியெல்லாம் தெரியும்ட்டி. இந்த நிழலுங்குதாங்களே, அது என்னது?"

"உலகம் பூரா சேந்து கையெழுத்துப் போட்டாங்கல்ல? அன்னைக்கு ஒவ்வொரு நாட்டுலயும் வெளியில பொறந்தவங்க நூத்துக்கு எத்தன பேரோ, அதுக்கு மேல ஒரு ஆளு கூடக் கூடாதுன்னு. கெலாரில அன்னைக்கு நூத்துக்கு எழுவத்தஞ்சு. அப்ப இங்க பொறந்தவங்க ஒருத்தருக்கு வெளிய பொறந்தவங்க மூணு பேரு. ஆளுக்கு மூணுன்னு பேரு சொல்லியே கட்டி விட்டுட்டாங்க. அந்த மூணு பேருதான் அவருக்கு நிழலு."

"நம்ம நாட்டுல?"

"நூத்துக்கு ஒண்ணு கூட இல்ல."

"அப்ப வேம்பாருக்கு ஒரு வெள்ளக்காரன் குடிவரணும்னா ஊரே சேந்து தூக்கணும்னு சொல்லு." அவன் சிரித்தான். "நம்ம தம்பி கிளாட்வின் இருக்க பாலைவன நாட்டுல?"

"அங்க நூத்துக்குத் தொண்ணூறு. ஒருத்தருக்கு ஒம்பது பேரு."

"ஏ, அதான் சங்கதியா! தெனமும் போன் பண்ணி யாரோ ஒரு கெழவருக்காக ஜெபமாலை சொல்லுங்கன்னு உசுர வாங்குதான். எங்கம்மா, தம்பிக்கு பக்தி வந்துட்டுன்னு கோயிலுக்கே போய்ச் சொல்லிட்டு வந்துட்டா."

பெனிட்டாவும் சிரித்தாள். நெடுநாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. கர்ப்பமாக ஊரிலிருந்து திரும்பியவள், தன்னந்தனியாகப் பெற்று எழுந்தவள்.

"சரி, என் கெழவர் எப்படி?"

"வாய்தான் நீளம். நல்ல மனுசன். அவரோட மூணு நிழல்ல எங்க சமையக்காரர் ஹபீபு ஒருத்தரு, இன்னொருத்தர் ஊருக்குப் போயிட்டாரு. அந்த எடத்த உங்களுக்குத் தாங்கன்னு கால்ல விழாத கொறையாக் கேட்டேன். 'என்னை நம்பி யாரையும் வரச் சொல்லாத, நான் உளுத்த மரம்'னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. பிள்ளையக் கொண்டு போய்க் காட்டுனேன். கையெழுத்துப் போட்டுட்டாரு."

"அவரு செத்துட்டா?"

"ஆறு மாசம் அவகாசம். அதுக்குள்ள வேற யாரும் எடம் குடுக்கணும்."

"குடுப்பாங்களா?"

பெனிட்டா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கெலாரியில் எல்லார் நிழலும் நிறைந்திருந்தது. காலி இடம் என்பது யாராவது பிறந்தால்தான்.

பிறந்த பிள்ளை கெலாரிக்காரி. அவள்மேலும் மூன்று இடம் உண்டு. ஒன்று பெற்றவளுக்கு. மற்ற இரண்டும் வரிசையில் காத்திருக்கும் யாருக்கோ. தகப்பன் என்று ஒருவன் இருப்பதையே சட்டம் எழுதியவர்கள் மறந்துபோயிருந்தார்கள். இன்னொன்றும் இருந்தது. இந்த மண்ணில் பிறந்தவர்கள் பதினெட்டு வயதுவரை தீவைத் தாண்டக் கூடாது. ஒரு கெலாரிக்காரர் வெளியே போனால் மூன்று பேரின் இடம் ஆடும் அல்லவா? பெனிட்டா வேண்டுமானால் போகலாம். பிள்ளை அரசு இல்லத்தில் வளரும்.

ஆகவே ரீகன் இங்கே இருந்தாக வேண்டும். இல்லையென்றால் குடும்பம் இரண்டாகும், அவ்வளவுதான் கணக்கு. அவன் போய்விட்டால் திரும்பி வருவதற்கு நிற்கிற வரிசைக்கு ஒரு மனித ஆயுள் போதாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கௌரீசன் வருவான். யாழ்ப்பாணத்துக்காரன், பஸ் டிரைவர், ஸ்டெல்லாவின் நிழல்களில் ஒருவன். கையில் பழமோ கிலுகிலுப்பையோ இல்லாமல் வரமாட்டான்.

"பிள்ளை என்னமாதிரி அக்கா? நேற்று ரெண்டு தும்மல் எண்டு கேள்விப்பட்டன்."

"எவன்ல அது சொன்னது?" என்பான் ரீகன்.

"பக்கத்து வீட்டு நேபாளி சொன்னவன். அவனும் பிள்ளையின்ர நிழல்தானே அண்ணை. ரெண்டு பேருமா முறை வச்சுக் கவனிக்கிறம்." பிள்ளையின் உள்ளங்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். "எங்கட குலதெய்வத்துக்கும் இப்பிடி நான் பயந்ததில்லை."

எல்லாரும் சிரிப்பார்கள். கௌரீசனுக்கு மட்டும் சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும்.

அப்படி ஒரு ஞாயிறு கழிந்த திங்களன்று ஹோமின் மேற்பார்வையாளர் லோகேஸ்வரி எல்லா நர்சுகளையும் கூப்பிட்டாள்.

"அடுத்த மாசம் பல் வண்டி வருது. நம்ம ஹோம்ல உள்ள உள்நாட்டவங்க எல்லாருக்கும் செக்கிங்."

"பல்லுல என்ன மேடம் செக்கிங்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பொறப்புப் பத்திரத்துல பொய் இருக்காம், மேல சந்தேகப்படறாங்க. கைக்குழந்தையா இருக்கும்போது குடிச்ச பாலு, தண்ணி, அதுல இருக்கிற மண்ணோட சாரம் பல்லுல உக்காந்துடும். எலும்பு மாறும், தோலு மாறும், பல்லு மாறாது. கிளிப் மாட்டினா எந்த மண்ணுல பொறந்தவங்கன்னு மெஷின் சொல்லிடும். இன்னொன்னு. யாரு பொய்யின்னு உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சா வந்து சொல்லுங்க. சொல்ற நிழலுக்கு நிரந்தர இடம். குடும்பத்துக்கும் சேத்து."

பெனிட்டா அந்தச் செய்தியைத் தண்டபாணிக்குப் போர்வை மாற்றும்போது கதைபோலச் சொன்னாள். அவருக்கு ஊர்வம்பு பிடிக்கும். "மூணாவது மாடி மேரியம்மாவப் பாத்தா எனக்குச் சந்தேகமாத்தான் இருக்கு ஐயா. காட்டிக் குடுத்தா எனக்கு நிரந்தர இடமாம்!"

அவர் சிரிக்கவில்லை. "டிவில சொன்னான்" என்றார். "போன மாசமே சொன்னான்."

அன்று மாலையிலிருந்து அவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

முதலில் பசியில்லை என்றார். பிறகு வாயையே திறக்கவில்லை. பெனிட்டா கெஞ்சினாள், மிரட்டினாள், ஹபீபிடம் கோழிக் கஞ்சி வைத்துக்கொண்டு வரச் சொன்னாள். அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

"என்ன ஐயா இது? எதுக்கு இந்தப் பிடிவாதம்?"

"வாழ்ந்தது போதும். விடு."

"அப்பிடிச் சொல்லாதீங்க."

"உனக்கு ஒரு நஷ்டமும் வராது பாப்பா. நான் சொல்றேன்ல? இப்ப போயிட்டா யாருக்கும் நஷ்டமில்ல."

எட்டு வருஷத்தில் முதல்தடவையாக அவளைப் பாப்பா என்று கூப்பிட்டார். வேறொரு நாளாக இருந்தால் அது அவள் காதில் விழுந்திருக்கும். அன்று அவள் காதில் ஓடிக்கொண்டிருந்தது ஒன்றுதான்: ஆறு மாதம், ஆறு மாதம்.

மறுநாள் காலை அவள் அறைக்குள் வந்தபோது அவர் எவர்சில்வர் டம்ளரால் தன் தாடையில் அடித்துக்கொண்டிருந்தார். ஓங்கி அடிக்கத் தெம்பில்லை. டொக், டொக் என்று கதவு தட்டுவதுபோல. உதடு கிழிந்து தலையணை முழுக்க ரத்தம். பல் மட்டும் அசையவில்லை.

"பிடுங்கித் தொலை!" என்று கத்தினார். "சனியனே, ஒரு பல்லப் பிடுங்க உனக்கு என்னா? கையில கொறடு இல்லையா? நர்சுதானே நீ?"

"ரத்தம் நிக்காது ஐயா! செத்துருவீங்க!"

"சாவட்டும்! ரெண்டுல ஒண்ணு செய். பல்லப் பிடுங்கு. இல்ல என்னைச் சாவ விடு. ரெண்டும் மாட்டேன்னா என்னா பொம்பள நீ!"

மாத்திரைகளைச் சில நாள் நிறுத்திவிட்டு, பல் டாக்டரை வரவழைத்து, பக்குவமாக எடுக்க வழி இருந்தது. அது அவளுக்குத் தெரியும். அதிலும் ஆபத்து உண்டு, சின்ன ஆபத்து. அந்தச் சின்ன ஆபத்தின்மேல் ரீகனை வைத்துச் சூதாட அவளுக்கு மனம் வரவில்லை.

மெத்தென்ற துணியால் அவருடைய இரண்டு கைகளையும் கட்டில் கம்பியோடு கட்டினாள். மூக்கு வழியாகக் குழாய் போட்டாள். குழாய் இறங்கும்போது அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது. அவள் அதைத் துடைத்துவிட்டாள். பிறகு பால் கலந்த உணவை மெதுவாக, ரொம்ப மெதுவாக ஏற்றினாள். மகளுக்குப் பால் கொடுக்கும்போது வரும் அதே பொறுமை.

"நல்லா இருக்கணும் ஐயா நீங்க" என்றாள். "நூறு வயசு இருக்கணும்."

அவர் அவளையே பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு 'நிரந்தர இடம்' என்று முனகியதுபோல இருந்தது. என்னவென்று அவள் குனிந்து கேட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ரீகன் ஒருநாள் பார்க்க வந்தான். கட்டிய கைகளைப் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றுவிட்டான்.

"நம்ம ஊருல கெடா மாட்டக் கூட இப்படிக் கட்டமாட்டாவ, பெனி."

"அப்ப நீங்க ஊருக்குப் போறீங்களா?"

அவன் உள்ளே போய்க் கிழவரின் கால்களை நீவிவிட்டான். அதன்பிறகு வேலை முடிந்து தினமும் வந்தான், கால் நீவ. மனைவி செய்வதற்கு அவன் கட்டிய அபராதம்போல இருந்தது அது.

அந்த மாதம் முழுக்கத் தண்டபாணி செத்துப்போக முயன்றார். பெனிட்டா அவரை விடவில்லை. காய்ச்சல் வந்தது, இறக்கினாள். நெஞ்சில் சளி கட்டியது, உறிஞ்சி எடுத்தாள். ஒருதடவை மூச்சு நின்றே போனது. அவள் கட்டிலில் ஏறி அவர் நெஞ்சைக் குத்திக் குத்தித் திரும்பக் கொண்டுவந்தாள். விலா எலும்பு இரண்டு முறிந்தது கையில் தெரிந்தது. லோகேஸ்வரி அவளை எல்லார் முன்னாலும் பாராட்டினாள். ஹபீப் பெரிய தட்டு நிறைய ஜிலேபி கொண்டுவந்து கொடுத்தார்.

பல் வண்டி வந்தது.

கிளிப்பை எடுத்துக்கொண்டு அறை அறையாக வந்தவன் ஜெகதீஸ் என்ற இளைஞன். உற்சாகமான பையன். "தாத்தா, 'ஈ' காட்டுங்க" என்றான். தண்டபாணி உதடுகளை இறுக்கிக்கொண்டார். கன்னம் குழிந்தது.

"திறக்கலேன்னா மறுத்ததாப் பதிவாயிடும் சிஸ்டர். மறுத்தா வம்பு. நிழலுங்களுக்குத்தான் கஷ்டம்."

"இருங்க, நான் திறக்குறேன்" என்றாள் பெனிட்டா.

தாடை மூட்டில், காதுக்குச் சற்று கீழே, கட்டைவிரலால் அழுத்தினால் எந்த வாயும் திறக்கும். மாதம் முழுவதும் அவள் செய்த வித்தைதான். அழுத்தினாள். தண்டபாணி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். கட்டிய கைகள் துணியை இழுத்தன. வாய் திறந்தது.

கிளிப் பல்லில் உட்கார்ந்தது. பெட்டி மெல்ல ரீங்காரமிட்டது. ஜெகதீஸ் திரையைப் பார்த்தான். கிளிப்பைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினான். மறுபடி பார்த்துவிட்டுக் கழற்றினான். அவன் முகத்திலிருந்த உற்சாகம் வடிந்தது.

"என்னாச்சு?"

"கெலாரி இல்ல சிஸ்டர். காவிரிப் படுகைன்னு வருது. கடலோரம்."

"மெஷின் கெட்டுப்போச்சு" என்றாள் பெனிட்டா உடனே. "இவரு இங்க பொறந்தவரு! எங்களையெல்லாம் ஊர்க்காரிம்பாரு! வேற மெஷின் கொண்டு வாங்க!"

"நாகப்பட்டினம்" என்றது கட்டிலிலிருந்து ஒரு குரல்.

இருவரும் திரும்பினார்கள்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு லா" என்றார் தண்டபாணி. "அம்மா பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தா. இங்க இருந்த மூத்தவன், என் அண்ணன், அதுக்குள்ள காய்ச்சல்ல போயிட்டான். அம்மா என்னைத் தூக்கிட்டுத் திரும்புனா. அவன் பத்திரம் இருந்துச்சு. அதையே எனக்கு வச்சுக்கிட்டாங்க. தண்டபாணிங்கிறது அவன் பேரு. எனக்கு என்னா பேரு வச்சிருந்தாங்கன்னு எனக்கே தெரியாது."

ஜெகதீஸ் கிளிப்பைப் பெட்டிக்குள் வைத்தான். தயங்கித் தயங்கி ஆரம்பித்தான்.

"இந்த ஒரு பல்லு மட்டும் இல்லாம இருந்திருந்தா நான் கிளிப்பே எடுத்திருக்கமாட்டேன் சிஸ்டர். பல்லு இல்லாதவங்களுக்குப் பத்திரமே போதும்னு ரூல். செத்தவங்களையும் பாக்கறதில்ல."

"இவரோட நிழலுங்க?" பெனிட்டாவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "ஆறு மாசம் அவகாசம்..."

"அது உள்நாட்டவங்க செத்தா. இது பொய்ப் பதிவு. இன்னிக்கே கப்பல். தாத்தாவும் சேந்து."

அவன் போன பிறகு பெனிட்டா கட்டில் கம்பியிலிருந்து துணிகளை அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்க்க வேண்டியிருந்தது. மணிக்கட்டுகள் இரண்டும் கன்றிப்போயிருந்தன.

"ஏன் ஐயா சொல்லல? ஒரு வார்த்த... எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே பிடுங்கியிருப்பேனே!"

"சொல்லியிருந்தா நீ காட்டிக் குடுத்திருப்ப பாப்பா."

இல்லை என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். ரீகனுக்கு நிரந்தர இடம். ஸ்டெல்லாவுக்குத் தகப்பன். தொண்ணூற்றொரு வயதுக் கிழவர் ஒருவருக்குப் பதிலாக.

வாயை மூடிக்கொண்டாள்.

துறைமுகத்தில் தரையில் மஞ்சள் கோடு ஒன்று போட்டிருந்தார்கள். பிள்ளையின் கணுக்கால் வளையம் அதைத் தாண்டினால் அலறும். கோட்டுக்கு இந்தப்பக்கம் பெனிட்டா நின்றாள், இடுப்பில் ஸ்டெல்லா. அந்தப்பக்கம் ஹபீப் தரையில் உட்கார்ந்து தலையில் கைவைத்திருந்தார், அருகில் தண்டபாணியின் மூன்றாவது நிழல். ரீகன் தண்டபாணியின் சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். யாரும் அவனை அதைத் தள்ளச் சொல்லவில்லை.

"அழாதட்டி" என்றான். "பிள்ளைக்குப் பதினெட்டு ஆனா வந்துருவீங்கள்லா? அதுக்குள்ள நான் வீட்டுக்கு ஒரு மாடி எடுத்துருவேன்."

"ரீகன்..."

"ஒன்னயச் சொல்லி என்ன செய்ய? நானும்தான் கால நீவிவிட்டேன், நல்லாருக்கட்டும்னு."

தண்டபாணி எதிரே நின்ற கப்பலை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தீவின் பக்கம் திரும்பி, துறைமுகக் கிடங்குகளுக்குப் பின்னால் தெரிந்த பச்சை மலையைப் பார்த்தார்.

"தம்பி, உங்க ஊருல கோப்பி நல்லாருக்குமா?"

"சுமாரா இருக்கும் ஐயா."

"ம்" என்றார். "அங்க என்னை என்னான்னு கூப்பிடுவாங்க?"

"வெளிநாட்டுக்காரர்னு கூப்பிடுவோம்" என்றான் ரீகன். "எங்க ஊருல ஒருத்தரும் இல்ல. நீங்கதான் மொதல்."

கிழவர் சிரித்தார். வாய்க்குள் அந்த ஒற்றைப் பல் தெரிந்தது.

அவர் வேம்பாரையும் பார்க்கவில்லை, நாகப்பட்டினத்தையும் பார்க்கவில்லை. நடுக்கடலில் போய்விட்டார். ரீகன் போனில் சொன்னான். துணியில் சுற்றிக் கடலில் விட்டார்களாம். எந்த நாட்டுக் கணக்கில் எழுதுவது என்று கப்பல்காரர்களுக்குத் தெரியவில்லையாம்.

மழைக்காலம் வந்து போனது. ரீகன் திரையில் வருவான், கூப்பிடுவான். ஸ்டெல்லா ஆரம்பத்தில் அவன் குரலுக்குத் திரும்பிப் பார்த்தாள். பிறகு திரைக்குப் பின்னால் நகரும் மின்விசிறியை மட்டும் பார்த்தாள்.

ஒருநாள் காலை பால் கொடுக்கையில் பெனிட்டாவுக்குச் சுருக்கென்றது. விரலை விட்டுப் பார்த்தாள். கீழ் ஈறில் வெள்ளையாக ஒரு முனை.

முதல் பல் முளைத்த ஒரு மாதத்துக்குள் பிள்ளையைப் பல் நிலையத்தில் காட்ட வேண்டும் என்பது புதுச் சட்டம். அவள் அன்றே கிளம்பிவிட்டாள். கௌரீசன் தன் பஸ்ஸை வேறு ஆளிடம் ஒப்படைத்துவிட்டு ஓடிவந்தான். முகம் வெளுத்திருந்தது.

"ஏன் அக்கா இவ்வளவு அவசரம்? ஒரு மாசம் தவணை கிடக்குதுதானே? பிழையா ஏதும் வந்தா நானும் நேபாளியும்..."

"வா" என்று மட்டும் சொன்னாள்.

அங்கே ஜெகதீஸ்தான் இருந்தான். அவளை அடையாளம் தெரிந்து எழுந்து நின்றான். "எல்லாரும் பயந்து பயந்து கடைசி நாள்தான் வருவாங்க சிஸ்டர். நீங்க மொதல் நாளே வந்துட்டீங்க."

"பால்பல்லு அடிவயித்துலயே உருவாயிருமாமே. அம்மா குடிச்ச தண்ணியெல்லாம் அதுல இருக்குமா?"

"இருக்கும்."

"நான் மாசமா இருந்தப்ப ஊருல இருந்தேன். வேம்பாருல. எங்க தெருவு கெணத்துத் தண்ணிதான் குடிச்சேன்." வார்த்தைகள் முட்டிக்கொண்டு வந்தன. "நாலு மாசம் வரைக்கும் அங்கதான். அது பல்லுல காட்டும்ல? வேம்பாருன்னு வரும்ல? வந்தா பிள்ளையும் பொய்ப் பதிவுதானே? அன்னைக்கே கப்பல்தானே?"

கௌரீசன் மெல்லச் சுவரில் சாய்ந்தான். அவள் எதற்காக ஓடிவந்தாள் என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. ஜெகதீஸுக்குப் புரியவில்லை. பயந்துபோன தாய் என்றுதான் அவன் நினைத்தான்.

"டென்ஷன் ஆகாதீங்க சிஸ்டர். பாத்துடலாம்."

ஸ்டெல்லா வாயை இறுக்கிக்கொண்டாள். பெனிட்டா அவள் காதுக்குக் கீழே, தாடை மூட்டில், கட்டைவிரலை வைத்தாள். இலேசாகத்தான் அழுத்தினாள். வாய் திறந்தது.

பெட்டி ரீங்காரமிட்டது. பெனிட்டா கண்ணை மூடிக்கொண்டு வியாகுல மாதாவிடம் கேட்டாள்: என் பிள்ளையைப் பொய்யாக்கிவிடு.

"ஆங்!" என்றான் ஜெகதீஸ். முகமெல்லாம் சிரிப்பு. "நீங்க சொன்னது சரிதான், உங்க ஊருத் தண்ணி நுனியில ஒரு பொட்டு இருக்கு. ஆனா அது கணக்குல வராது. அப்புறம் முழுக்க முழுக்க இங்கதான். சுத்தமான கெலாரி. இனிமே வாழ்நாள் பூரா யாரும் கேள்வி கேக்க முடியாது. வாழ்த்துகள் சிஸ்டர்!"

கௌரீசன் முழங்காலிட்டு ஸ்டெல்லாவின் பாதங்களைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். "என்னை மன்னியுங்கோ அக்கா" என்றான் அழுகைக்கு நடுவே. "சந்தோஷத்தில அழுறன். மன்னியுங்கோ."

வெளியே வந்து நிழற்கூடத்தில் உட்கார்ந்தாள். பிள்ளை பசியில் சிணுங்கியது. முந்தானையை இழுத்துவிட்டுப் பால் கொடுத்தாள். ஸ்டெல்லா குடித்தாள், நிறுத்தினாள், புதிதாக வந்த அந்தப் பல்லால் அழுத்திக் கடித்தாள்.

பெனிட்டா அவளை விலக்கவில்லை.